'டிக் டிக்' கேட்கிறதா?

கேள்வி: கோத்தகிரியில் வீடு. 6 லிட்டர் கேஸ் கீசர். பத்து நாளாகக் காலையில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. மதியத்தில் ஒழுங்காக எரிகிறது. மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் என்ன பார்க்கலாம்?

பதில்: மூடியைக் கழற்ற வேண்டாம், காதைக் கொடுங்கள். வெந்நீர்க் குழாயை முழுசாகத் திறந்ததும் உள்ளே பொறி தட்டும் 'டிக் டிக்' சத்தம் வருகிறதா?

வரவில்லை என்றால் சிலிண்டரைக் குறை சொல்லாதீர்கள். அடியில் உள்ள பெட்டியில் 1.5 வோல்ட் பெரிய பேட்டரி இரண்டு இருக்கும். குளிரில் பழைய பேட்டரி சோர்ந்துவிடும்; இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பச்சை பூத்த முனைகளை உப்புத்தாளால் தேயுங்கள். அதற்கும் சத்தம் இல்லையா? தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ஓடுகிற தண்ணீர்தான் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வைத் தள்ளி, பொறியைக் கிளப்பும் மைக்ரோ சுவிட்சைத் தட்ட வேண்டும். 10 லிட்டர் பக்கெட் நிறைய 4 நிமிடத்துக்கு மேல் ஆனால் சந்தேகமே வேண்டாம். தண்ணீர் வால்வை மூடி, கீசருக்குள் தண்ணீர் நுழையும் இடத்து வலையைக் கழற்றி, பழைய பல் பிரஷால் செம்மண்ணைக் கழுவுங்கள். அப்படியும் தேறாவிட்டால் டேங்கைத்தான் உயர்த்த வேண்டும்: 2 மீட்டர் உயரம் கொடுப்பது வெறும் 0.2 பார் அழுத்தம்.

சத்தம் வருகிறது, தீ பிடிக்கவில்லை என்றால் கேஸ் பக்கம்தான் கோளாறு. காலையில் மட்டும் மக்கர் என்பதால் உங்கள் வீட்டில் இதுதான் என்று படுகிறது. சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது வெளிச்சூட்டை வாங்கித்தான் ஆவியாகிறது. அதில் உள்ள பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டிய குளிரில் அநேகமாக ஆவியாவதே இல்லை. கீசரோ அடுப்பின் ஒரு பர்னரைப்போல் பல மடங்கு இழுக்கும். அதனால்தான் அடுப்பு எரிகிற அதே சிலிண்டரில் கீசர் எரிவதில்லை. கால்வாசிக்குக் கீழே போனால் இன்னும் மோசம். நிறைந்த சிலிண்டரை மாட்டிப் பாருங்கள். எரிந்தால் கீசரில் பழுதில்லை. சிலிண்டரைக் காற்றோட்டமான, குளிர் குறைந்த இடத்துக்கு மாற்றி நிமிர்த்தி வையுங்கள். சாக்கைச் சுற்றுகிறார்கள் சிலர். அது வெளிச்சூட்டையும் தடுத்துவிடும். கொதிநீர் ஊற்றுவது, கணப்புச் சட்டியைப் பக்கத்தில் வைப்பது இரண்டும் கூடவே கூடாது.

எரிந்து 20 நிமிடத்தில் அணைந்தால் பயப்படாதீர்கள், பல மாடல்களில் அது பாதுகாப்பு டைமர்.

கீசர் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்தால் பழுது பார்ப்பதை நிறுத்துங்கள். குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரை அடைத்துவிட்டுக் குளிப்பது மலையில் வழக்கம்; அப்போது சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. முதலில் வெளிச்சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடினால் அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.