சிரிக்கிற குழந்தைக்கு வலிக்காதா? ஏஞ்சல்மேன் சிண்ட்ரோம்: கேள்வி பதில்

குழந்தை வளர்ச்சி மருத்துவராக 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அரிய மரபணுக் கோளாறுகளில் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது ஏஞ்சல்மேன் சிண்ட்ரோம் பற்றித்தான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

என் மகனுக்கு இரண்டரை வயது. இன்னும் நடக்கவில்லை, ஒரு சொல்லும் வரவில்லை. ஆனால் எப்போதும் சிரிப்பு. ஏஞ்சல்மேன் என்று சொல்லிவிட்டார்கள். இது என்ன நோய்? – ஒரு தாய், திண்டுக்கல்

பெயரில் ‘ஏஞ்சல்’ இருப்பதால் தேவதைக்கும் இதற்கும் ஏதோ தொடர்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. அது ஒரு மருத்துவரின் குடும்பப் பெயர். இங்கிலாந்தின் வாரிங்டனில் குழந்தை மருத்துவராக இருந்த ஹாரி ஏஞ்சல்மேன், விறைத்த நடை, துள்ளும் கைகள், காரணமில்லாத சிரிப்பு ஆகியவற்றோடு இருந்த மூன்று குழந்தைகளைப் பற்றி 1965-ல் எழுதினார். இத்தாலியின் வெரோனா நகர அருங்காட்சியகத்தில் பொம்மைப் படத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சிறுவனின் ஓவியம் ஒன்றைப் பார்த்ததுதான் எழுதத் தூண்டியது என்று அவரே சொன்னார். அதனால் ‘பொம்மைக் குழந்தைகள்’ என்று தலைப்பு வைத்தார். அந்தப் பெயரைப் பெற்றோர்கள் விரும்பவில்லை. நல்லவேளை, அது நிலைக்கவில்லை.

காரணம் 15-வது குரோமோசோமில் இருக்கிறது. அங்குள்ள யூ.பி.இ.3.ஏ என்ற மரபணு நமக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒன்று அம்மாவிடமிருந்து, மற்றது அப்பாவிடமிருந்து. ஒரு வீட்டில் இரண்டு கிணறு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உடம்பின் மற்ற பாகங்களில் இரண்டிலும் தண்ணீர் இறைக்கலாம். மூளையின் நரம்பணுக்களில் மட்டும் அப்பா வழிக் கிணற்றுக்கு இயற்கையே மூடி போட்டுவிட்டது. எல்லோருக்கும் அப்படித்தான், உங்களுக்கும் எனக்கும்கூட. அங்கே அம்மா வழிக் கிணற்றை நம்பித்தான் பிழைப்பு. அது இல்லாமல் போனாலோ தூர்ந்துபோனாலோ வருவதுதான் இந்தக் கோளாறு.

12,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்கிறார்கள். பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. பால் குடிப்பதில் சிரமம் இருக்கலாம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வளர்ச்சி பின்தங்குவது தெரியும். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கற்றதை இழந்துகொண்டே போகும் நோய் அல்ல இது. மெதுவாகத்தான் போவார்கள், ஆனால் முன்னோக்கிப் போவார்கள். பெரும்பாலோர் இரண்டரை முதல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறார்கள். பிசியோதெரபியை நிறுத்தாதீர்கள்.

‘அம்மா வழிக் கோளாறு’ என்று கூகுளில் பார்த்ததிலிருந்து என் மாமியார் என்னிடம் பேசுவதில்லை. நாங்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் (அவர் என் அத்தை மகன்). – விருதுநகர்

உங்கள் மாமியார் உங்கள் அத்தையும்கூட. ஆகவே இந்தப் பதிலை அவரிடமே படித்துக் காட்டுங்கள்.

அத்தை, பெரும்பாலான குழந்தைகளுக்கு இது வருவது தாயின் கருமுட்டை உருவாகும்போது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு தற்செயலாக உதிர்ந்துவிடுவதால். உங்கள் மருமகள் சாப்பிட்டது, சாப்பிடாதது, கிரகணத்தன்று வெளியே போனது எதுவும் காரணமல்ல. இன்னொன்று. அதே துண்டு உங்கள் மகன் பக்கம் உதிர்ந்திருந்தால் பிராடர்-வில்லி என்ற வேறொரு கோளாறு வந்திருக்கும். கைக்குழந்தையில் துவண்டு கிடந்து, பிறகு அடங்காப் பசியோடு வளரும் குழந்தைகள் அவர்கள். அப்போது உங்கள் மகனிடம் பேசாமல் இருந்திருப்பீர்களா?

சொந்தத்தில் திருமணம் செய்தால் சில மரபணு நோய்களுக்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மை. இரண்டு பக்கமும் ஒரே பழுது சேர்ந்தால் வருகிற நோய்கள் அவை. இது அந்த வகை அல்ல.

குழந்தை எங்கள் இரண்டு வீட்டிலும் இல்லாத நிறம். முடிகூடச் செம்பட்டை. எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். இதற்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா?

உண்டு. உதிர்ந்த துண்டில் நிறத்துக்கான மரபணு ஒன்றும் சேர்ந்து போயிருக்கும். குடும்பத்தாரைவிட வெளிறிய நிறம் என்பது, இது துண்டு உதிர்ந்த வகையாக இருக்கலாம் என்று எனக்குச் சொல்லும் குறிப்பு. வெயிலில் தொப்பி போடுங்கள், மாறுகண் இருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எம்.ஆர்.ஐ. நன்றாக இருக்கிறது, குரோமோசோம் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அடுத்து எல்லா மரபணுவையும் பார்க்கும் எக்ஸோம் பரிசோதனைக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? – ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பொறுங்கள். சாதாரண குரோமோசோம் பரிசோதனை நுண்ணோக்கி வழியாகப் பார்ப்பது. இந்தத் துண்டு அதன் கண்ணில் படாமல் போகலாம். எக்ஸோம் மரபணுவுக்குள் இருக்கும் எழுத்துப்பிழைகளை நன்றாகப் பிடிக்கும், ஆனால் இந்தக் கோளாறின் முக்கியமான வகைகளைத் தவறவிடக்கூடும். சந்தேகம் ஏஞ்சல்மேன் என்றால் முதலில் கேட்க வேண்டியது 15-வது குரோமோசோமுக்கான மெத்திலேஷன் பரிசோதனை. மரபணுமீது ‘அம்மாவிடமிருந்து வந்தது’, ‘அப்பாவிடமிருந்து வந்தது’ என்று குத்தப்பட்டிருக்கும் முத்திரையை அது படிக்கிறது. சுமார் 80 சதவீதக் குழந்தைகளை இதிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அது சரியாக இருந்தும் குழந்தையின் நடை, சிரிப்பு, இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) எல்லாம் பொருந்தினால், யூ.பி.இ.3.ஏ மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். அப்போது எக்ஸோம் உதவும்.

இங்கேதான் நான் பெற்றோரிடம் கோபப்படுகிறேன், அவர்களை அப்படியே அனுப்பிவைத்த எங்கள் ஆட்கள்மீது அதைவிட அதிகமாக. மெத்திலேஷன் மாறியிருக்கிறது என்று ஒரு வரி வந்ததும் அறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். நோயின் பெயர் தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. எந்த வகை என்று தெரிய வேண்டும். துண்டு உதிர்ந்ததா (சுமார் 70 சதவீதம் இதுதான்), இரண்டு பிரதியும் அப்பாவிடமிருந்தே வந்துவிட்டதா, முத்திரை தவறாகக் குத்தப்பட்டதா, மரபணுவுக்குள்ளேயே பிழையா? வலிப்பு எவ்வளவு கடுமையாக இருக்கும், அடுத்த குழந்தைக்கு வருமா, நாளை ஒரு மருந்து வந்தால் யாருக்குப் பொருந்தும் என்பதெல்லாம் இந்த வகையைப் பொறுத்தது.

அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? – நான்கு பேர் கேட்டது

துண்டு உதிர்ந்த வகை என்றால் மீண்டும் வரும் வாய்ப்பு பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனாலும் தாயின் குரோமோசோம்களில் இடமாற்றம் ஏதும் இல்லை என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மரபணுப் பிழை தாயிடமும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 50 சதவீதம். முத்திரை குத்தும் இடத்திலேயே தாய்க்குக் குறை இருந்தாலும் அதே கணக்கு.

“பிழை எனக்கும் இருந்தால் நான் எப்படி நன்றாக இருக்கிறேன்?” என்று ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார். அது உங்கள் அப்பாவிடமிருந்து வந்திருக்கும், அம்மா. மூடி போட்ட கிணற்றில் பழுது இருந்தால் யாருக்குத் தெரியும்? நீங்கள் அதை உங்கள் குழந்தைக்குக் கொடுக்கும்போது அது அம்மா வழிப் பிரதியாகிவிடுகிறது. தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு வருகிற விசித்திரப் பயணம் இது. உங்கள் அக்கா, தங்கைக்குச் சொல்லிவிடுங்கள், அவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். தம்பிக்கு இருந்தால் அவர் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அவருடைய மகள்கள் வயிற்றில் பிறப்பவர்களுக்கு வரலாம்.

கர்ப்பத்தில் பரிசோதிக்க முடியும். வகையை முன்பே தெரிந்து வைத்திருந்தால்தான் எதைத் தேட வேண்டும் என்று சொல்ல முடியும். நஞ்சுக்கொடித் திசுவை 11-வது வாரத்தையொட்டி எடுக்கலாம், பனிக்குட நீரை 16-வது வாரத்துக்கு மேல். ஐந்தாம் மாதத்தில் வந்து நின்றால் எல்லோருக்கும் நெருக்கடி.

எங்கள் பேரன் எப்போதும் சந்தோஷமாக இருக்கிறான். அது ஒன்றுதான் எங்களுக்கு ஆறுதல். அவனுக்குக் கஷ்டமே தெரியாது அல்லவா? – ஒரு தாத்தா, தஞ்சாவூர்

ஐயா, உங்கள் ஆறுதலைப் பறிக்க எனக்கு மனமில்லை. அவனுக்குச் சந்தோஷம் உண்டு, உண்மையாகவே உண்டு. ஆனால் சிரிப்பெல்லாம் சந்தோஷம் அல்ல. இந்தக் குழந்தைகள் பயத்திலும் சிரிப்பார்கள், வலியிலும் சிரிப்பார்கள்.

எனக்கே ஒரு பாடம் நடந்தது. ஆறு வயதுப் பையன் என் மேசைமேல் ஏறி, ஸ்டெதஸ்கோப்பை இழுத்து, விழுந்து விழுந்து சிரித்தான். “நன்றாகத்தானே இருக்கிறான்” என்றேன். அவன் அம்மா நகரவில்லை. “நான்கு நாளாக இட்லியை வலப் பக்கமாகவே ஒதுக்கி மெல்லுகிறான் டாக்டர்” என்றார். வாயைத் திறந்து பார்த்தால் இடது கடைவாய்ப் பல்லடியில் சீழ் கட்டியிருந்தது. நான் சிரிப்பைப் பார்த்தேன், அவர் தட்டைப் பார்த்திருக்கிறார்.

தூக்கம் திடீரென்று மாறுவது, சாப்பாட்டை மறுப்பது, கையைக் கடித்துக்கொள்வது, முடியை அதிகமாக இழுப்பது எல்லாம் வலியின் மொழியாக இருக்கலாம். பல், காது, மலச்சிக்கல், எதுக்களிப்பு ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள்.

வலிப்புக்கு மருந்து ஆரம்பித்த பிறகு உதறல் கூடிவிட்டது. மருந்து கார்பமசெபின். நிறுத்திவிடலாமா? – சேலம்

நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. ஆனால் இன்றைக்கே நரம்பியல் மருத்துவரை அழையுங்கள். கார்பமசெபின் பலருக்கு நல்ல மருந்துதான். ஏஞ்சல்மேன் குழந்தைகளில் மட்டும் சிலவகை வலிப்பைக் கூட்டிவிடலாம். விகபாட்ரினும் அப்படித்தான். லெவெடிராசெட்டம், குளோபசாம் போன்றவற்றைத்தான் இவர்களுக்கு அதிகம் கொடுக்கிறோம். குழந்தைக்கு ஏஞ்சல்மேன் என்பதை மருந்துச்சீட்டின் தலையிலேயே எழுதச் சொல்லுங்கள். இரவு அவசரப் பிரிவில் இருப்பவருக்கு உங்கள் கதை தெரியாது.

பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வலிப்பு வரும், பெரும்பாலும் மூன்று வயதுக்குள். காய்ச்சல் தூண்டிவிடும். வெட்டி இழுப்பது மட்டும் வலிப்பல்ல. ஓடியாடும் பிள்ளை இரண்டு நாளாக எச்சில் ஒழுக மந்தமாக உட்கார்ந்திருந்தால் அதுவும் ஓயாத வலிப்பாக இருக்கலாம். இ.இ.ஜி. எடுத்தால்தான் தெரியும்.

மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மருந்துக்கு அடங்காத வலிப்பில் பலன் தரக்கூடியதுதான். ஆனால் இட்லி, தோசை, சோறு என்று ஓடுகிற வீட்டில் அது பெரிய புரட்சி. யூடியூபைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். உணவியல் நிபுணரும் ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் கூடவே கூடாது.

இரவில் மூன்று மணி நேரம்தான் தூங்குகிறாள். மற்ற நேரமெல்லாம் குளியலறையில் தண்ணீரில் விளையாட வேண்டும் என்று இழுக்கிறாள்.

இரண்டும் இந்தக் கோளாறின் அடையாளங்கள். தூக்கத்துக்கு மெலடோனின் பலருக்கு உதவுகிறது, அளவை மருத்துவர் சொல்லட்டும். இரும்புச்சத்தையும் பாருங்கள். அறையில் அலமாரி, ஸ்டூல் எதுவும் இல்லாமல் தரையில் மெத்தை போட்டுவிட்டால், அவள் விழித்திருந்தாலும் நீங்கள் சற்றுக் கண்ணயரலாம்.

தண்ணீர்தான் எனக்குப் பயம். இவர்களுக்குத் தண்ணீர்மீது தீராத மோகம், ஆபத்து என்ற உணர்வு இல்லை. வாசலில் இருக்கும் நிலத்தடித் தொட்டியின் மூடிக்குப் பூட்டுப் போடுங்கள். மூடியின் கனத்தை நம்பாதீர்கள். குளியலறை வாளியைக் கவிழ்த்து வையுங்கள். ஊருக்குப் போனால் முதலில் கிணறும் குளமும் எந்தப் பக்கம் என்று பாருங்கள், காப்பி பிறகு குடிக்கலாம்.

பேச்சு வருமா? படம் காட்டிப் பழக்கினால் பேச முயற்சிக்க மாட்டான் என்கிறார் என் அண்ணன். – யாழ்ப்பாணம்

பலருக்குச் சொற்களே வருவதில்லை, சிலருக்கு ஐந்தோ பத்தோ வரும். இதை மறைத்துப் பயனில்லை. ஆனால் சொல்ல முடிவதைவிடப் பல மடங்கு அவர்களுக்குப் புரியும். பக்கத்தில் வைத்துக்கொண்டு “இவனுக்கு ஒன்றும் தெரியாது” என்று பேசாதீர்கள்.

படம் பேச்சைக் கெடுக்காது. அட்டையில் முதல் படமாக எல்லோரும் ‘சோறு’, ‘தண்ணீர்’ வைக்கிறார்கள். நான் ‘இன்னும்’, ‘போதும்’ இரண்டையும் வைக்கச் சொல்வேன். ஊஞ்சல் ஆட்டும்போது நிறுத்தி, நீங்களே ‘இன்னும்’ படத்தைத் தொட்டுக்கொண்டே “இன்னும்” என்று சொல்லி மறுபடி ஆட்டுங்கள். அவன் தொட வேண்டும் என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பல மாதங்கள் நீங்கள் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருப்பீர்கள். பிறகு ஒருநாள் மருந்துப் புட்டியை எடுக்கும்போது அவன் போய் ‘போதும்’ என்பதைத் தொடுவான். டேப்லெட் வாங்க முடிந்தால் சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ செயலி இருக்கிறது. முடியாவிட்டால் அட்டையும் பசையும் போதும்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று விளம்பரம் பார்த்தோம். நிலத்தை விற்கலாம் என்று இருக்கிறோம்.

விற்காதீர்கள். இந்தக் கோளாறுக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. உண்மையான ஆராய்ச்சி வேறு இடத்தில் நடக்கிறது: அப்பா வழிக் கிணற்றின் மூடியைத் திறக்கும் முயற்சி. அந்தப் பிரதியை அடக்கி வைத்திருக்கும் ஆர்.என்.ஏ என்ற மூலக்கூறை மடக்கும் மருந்தை முதுகுத்தண்டு நீரில் செலுத்திப் பார்க்கிறார்கள். மனிதர்களிடம் சோதனை பெரிய கட்டத்துக்கு வந்திருக்கிறது. முறையான சோதனையில் மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். பணம் கேட்டால் அது வியாபாரம்.

மகளுக்கு 17 வயது. எங்களுக்குப் பிறகு? – சென்னை

ஆயுள் ஏறக்குறைய மற்றவர்களைப் போலத்தான். ஆகவே இந்தக் கேள்வி நியாயமானது. 18 முடிந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) எடுத்திருக்கிறீர்களா? அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டையும் கேளுங்கள். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, ஒருமுறை போய்வாருங்கள். முதுகெலும்பு வளைகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அவளுக்குப் பருவம் எல்லோரையும் போல வந்திருக்கும், கருத்தரிக்கவும் முடியும். யார் குளிப்பாட்டுகிறார்கள், யாரோடு தனியாக இருக்கிறாள் என்பதில் கூச்சப்படாமல் கறாராக இருங்கள்.

கோயிலுக்கு அழைத்துப்போனால் முன்னால் நிற்பவரின் பின்னலைப் பிடித்து இழுத்துவிடுகிறான். திட்டு வாங்கிப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆசையாகத்தான் இழுக்கிறான், பிடியை விடத் தெரியவில்லை. விரல்களைப் பிரிக்காதீர்கள், இன்னும் இறுக்குவான். மணிக்கட்டை மெதுவாகக் கீழ்நோக்கி மடக்கினால் பிடி தானாகத் தளரும். இரண்டு கையிலும் ஏதாவது கொடுத்துவிடுங்கள், ஈரத் துணி என்றால் மிகவும் பிடிக்கும். கூட்டமில்லாத நேரமாகப் போங்கள், வரிசையில் வழுக்கைத் தலையராகப் பார்த்து அவர் பின்னால் நில்லுங்கள்.