கொழுந்தனார் சொன்ன படிப்பும் மகள் கேட்கும் படிப்பும்

ராமநாதபுரத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். கணவர் பதினெட்டு வருஷமாக ஷார்ஜாவில் டிரைவர். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். பி.ஏ. பொருளியல் படித்துவிட்டு, ஆட்கள் ஏன் ஊரைவிட்டுப் போகிறார்கள், போனபின் ஊர் என்ன ஆகிறது என்று ஆராய்ச்சி செய்யப்போகிறாளாம். கொழுந்தனாரோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார். நகையை விற்றுக் கட்டிவிடலாமா என்று கேட்டார்.

பதறாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். நகை என்றதும் என் குரல் மாறிவிட்டது. வேண்டாம்மா. கொழுந்தனாரா வட்டி கட்டப்போகிறார்? மனசில்லாத பிள்ளையை அங்கே தள்ளினால் நாலு வருஷத்தில் அரியர்தான் மிஞ்சும்.

மும்பை தேவ்னாரில் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1956இல் தொடங்கியது, மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருவது. தேசியக் குடும்ப நல ஆய்வை நடத்துவதும் இவர்கள்தான். பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு மூன்றையும் எண்ணக் கற்றுக்கொடுக்கிற இடம், முதுகலையும் பிஎச்.டி.யும் உண்டு. எண்ணி என்ன ஆகும் என்கிறீர்களா? கேரளத்தைப் பாருங்கள். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் சக்கரியாவும் இருதய ராஜனும் 1998இல் வீடு வீடாக ஆளனுப்பிக் கேட்கத் தொடங்கினார்கள்: யார் போனார், எவ்வளவு கடன் வாங்கிப் போனார், அனுப்பிய பணம் கூரைக்குப் போனதா, பள்ளிக்கூடத்துக்கா? அதே ஆய்வின் 2023 சுற்றில் வெளிநாட்டில் இருப்பவர்கள் சுமார் 22 லட்சம், வந்த பணம் 2.16 லட்சம் கோடி ரூபாய் என்று கணக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் 2015இல் இப்படி ஓர் ஆய்வு நடந்தது. உங்கள் வீட்டுக் கதைதான் அங்கே பாடம்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கு எழுதுகிற நெட் தேர்வில் மக்கள்தொகை ஆய்வு தனிப் பாடம். அதன் வழியாக ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. எளிதாகக் கிடைக்காது. பட்டப்படிப்பிலிருந்து பிஎச்.டி. வரை பத்து வருஷம் ஆகலாம். அதன்பிறகும் நிரந்தர வேலைக்குக் காத்திருக்க வேண்டிவரும். நடுவில் மாப்பிள்ளை பேச்சு வரும், அதையும் இப்போதே யோசியுங்கள். புள்ளியியலுக்குப் பயந்து ஓடுகிறவள் என்றால் இது வேண்டாம். கடன் வாங்கி லண்டனில் முதுகலை என்றாலும் நான் ஒப்பமாட்டேன்.

வெள்ளிக்கிழமை அப்பா கூப்பிடும்போது போனை மகளிடம் கொடுங்கள். முதல் விசாவுக்கு என்ன செலவானது, யாரிடம் வாங்கினார், முதல் சம்பளம் எதற்குப் போனது என்று கேட்டு நோட்டில் எழுதட்டும். அவள் போனை உங்களிடம் திருப்பிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.