70 வயது மொறிஸ் மைனரின் பெறுமதியை யார் தீர்மானிப்பது?

கேள்வி: பரந்தனில் வசிக்கும் நான் 2011இல் யாழ்ப்பாணத்தில் வாங்கிய 1955ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் காரில்தான் நாள்தோறும் கிளிநொச்சிக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். மூன்று மாதங்களுக்கு முன்னர் கரடிப்போக்குச் சந்திக்கு அருகில் மாடு ஒன்று வீதிக்குக் குறுக்கே வந்ததால் பிறேக் பிடித்தேன். பின்னால் கிறவல் ஏற்றி வந்த டிப்பர் மோதியது. பின் மட்காட் இரண்டும் டிக்கிக் கதவும் நெளிந்துவிட்டன, பெற்றோல் டாங்கி கசிகிறது. கராச்சில் 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா கேட்கிறார்கள். டிப்பரின் காப்புறுதி மதிப்பீட்டாளரோ "இந்த வயதுக் காருக்குத் தேய்மானம் போக மிஞ்சுவது இவ்வளவுதான்" என்று 75 ஆயிரம் ரூபாவுக்குக் கடிதம் தந்திருக்கிறார். டிப்பர் உரிமையாளர் மேலும் கொஞ்சம் சேர்த்துத் தருவதாகவும், கையெழுத்திட்டு முறைப்பாட்டை மீளப் பெறும்படியும் கேட்கிறார். எனக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டுமே உண்டு. நான் என்ன செய்வது?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும் எல்லாம் ஓரிடத்திலேயே வந்து முடிகின்றன. மோதுவதற்கு முந்திய கணத்தில் உங்கள் கார் என்ன பெறுமதி பெற்றிருந்தது, அதனை எதைக் கொண்டு நிரூபிப்பீர்கள் என்பதே அது. அது எழுத்தில் வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். நெளிந்த தகட்டை நிமிர்த்தவும் விட வேண்டாம்.

முதலில் அந்தக் கையெழுத்து விடயத்தைப் பார்ப்போம். "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக" என்ற வாசகம் உள்ள பற்றுச்சீட்டிலோ விடுவிப்புப் பத்திரத்திலோ ஒப்பமிட்டால், மிகுதித் தொகைக்காக வழக்குத் தொடுக்கும் உரிமையை நீங்களே கைவிட்டவராவீர்கள். பொலிஸ் நிலைய வாசலில் வைத்து, சிங்களத்தில் எழுதப்பட்ட ஒரு பக்கத்தில், "பிரச்சினை முடிந்துவிட்டது" என்று நம்பிக் கையெழுத்திட்டவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களுக்காகச் செய்யக்கூடியது மிகக் குறைவு. அரசியலமைப்பின்படி வடக்கு மாகாணத்தில் தமிழ் நிருவாக மொழியாகும். ஆகவே உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேட்கவும், வாசித்துப் பார்த்த பின்னரே ஒப்பமிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஏற்கெனவே பதியப்பட்ட முறைப்பாட்டின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியை இந்த வாரமே விண்ணப்பித்துப் பெறுங்கள். கவனயீனமாக வாகனம் செலுத்தியமைக்கான நடவடிக்கை பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் நடத்துவது. உங்கள் நட்டஈடு அதற்குப் புறம்பான குடியியல் விடயம். சாரதி அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டால் அந்த வழக்கேட்டின் பிரதியையும் எடுத்து வையுங்கள். அவரே செய்த ஒப்புதல் என்ற வகையில் அது பின்னர் பயன்படும்.

இனி 75 ஆயிரத்துக்கு வருவோம். நாம் பின்பற்றும் உரோமன் டச்சுச் சட்டத்தின் தீங்கியல் பகுதியில், பிறரின் கவனயீனத்தால் உங்கள் சொத்துக்கு வந்த பண நட்டத்தையே நீங்கள் கோருகிறீர்கள். விபத்துக்கு முன்னர் இருந்த பெறுமதிக்கும் பின்னர் இருக்கும் பெறுமதிக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த நட்டம். நியாயமான திருத்தச் செலவு அந்த வித்தியாசத்துக்கு மேற்படாதவிடத்து, அதனையே நட்டத்தின் அளவாகக் காட்டலாம். உங்களுக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் உள்ள தகராறு முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. மதிப்பீட்டாளர் கையில் வைத்திருப்பது ஆண்டுக்கு இத்தனை வீதம் என்று பெறுமதி குறைந்துகொண்டே போகும் கணக்கு. அந்தக் கணக்கு 10 வருடக் காருக்குப் பொருந்தலாம். முன் கண்ணாடி நடுவே பிரிந்த மொறிஸ் மைனர் 1956உடன் நின்றுபோனது. நன்கு பராமரிக்கப்பட்ட அத்தகைய காரின் விலையைத் தீர்மானிப்பது அதன் வயதல்ல, அதைத் தேடி அலைபவர்களின் தேவை. (இந்தத் தீங்கியலின் வேரான அக்குயிலியச் சட்டத்தை உரோமர் இயற்றியபோது அதன் முதல் அத்தியாயம் பேசியது கொல்லப்பட்ட அடிமைகளையும் கால்நடைகளையும் பற்றித்தான். அந்தச் சட்டமும்கூடப் பொருளின் பெறுமதியைத்தான் கேட்டது, வயதையல்ல.)

ஆனால் இதனை நீதிமன்றம் தானாக ஊகித்துக்கொள்ளாது, நீங்கள்தான் காட்ட வேண்டும். இதே வகைக் கார்கள் விற்பனைக்கு வந்த விளம்பரங்களைத் திகதி தெரியும்படி சேகரியுங்கள். 2011இல் கொடுத்த விலைக்கான எழுத்து, அதன் பின்னர் இயந்திரத்துக்கும் பெயின்றுக்கும் செலவழித்த சிட்டைகள், விபத்துக்கு முன் எடுத்த படங்கள் எல்லாம் தேவை. கலியாண வீட்டுக்கு அந்தக் காரைக் கொடுத்திருந்தால் அந்த அல்பத்தில் உள்ள படம் நீங்கள் இன்று எடுக்கும் எந்தப் படத்தையும்விடப் பெறுமதியானது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய கார்களை அறிந்த சுயாதீன மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கை வேண்டும். அவரை அமர்த்தும்போதே கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்து சாட்சியமளிப்பாரா என்று கேட்டுவிடுங்கள். கூண்டில் ஏறாத நிபுணரின் அறிக்கையை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே ஆட்சேபனையில் தள்ளிவிடுவார்.

உங்கள் கராச் மதிப்பீட்டிலும் ஒரு பலவீனம் இருக்கிறது. அனுப்பிய பிரதியில் "டிங்கரிங், பெயின்ற், டாங்கி, இதர வேலைகள்" என்று ஒரே தொகை எழுதப்பட்டுள்ளது. மைனரின் பின் மட்காட் போல்ட் போட்டுப் பொருத்தப்படுவது. டாங்கி டிக்கியின் தளத்துக்குக் கீழே இருக்கிறது. ஆகவே எது மாற்றப்பட வேண்டியது, எது நிமிர்த்தக்கூடியது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதுவது கடினமல்ல. உடலும் சட்டகமும் ஒன்றாகச் செய்யப்பட்ட கார் என்பதால், பின்தளம் மடிந்திருந்தால் கதவைச் சுற்றியுள்ள இடைவெளி ஒரு பக்கம் ஒடுங்கியும் மறுபக்கம் அகன்றும் தெரியும். அதனை அளவுகோல் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். ஸ்பெயார் சில்லைத் தூக்கியதும் கீழே கறள் இருந்தால் அதனை மறைக்க வேண்டாம். பழைய கறளை வெட்டி ஒட்டும் செலவையும் முழுக் காருக்குமான புதுப் பெயின்றையும் டிப்பர்காரரின் தலையில் கட்ட முனைந்தால், நியாயமான பகுதியும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். விபத்தின் வேலை வேறாகவும், காரை மேம்படுத்தும் வேலை வேறாகவும் இரு மதிப்பீடுகள் எடுங்கள். உதிரிப்பாகமே கிடைக்காது என்ற வாதத்துக்கு அஞ்ச வேண்டாம். மைனரின் தகடுகள் பிரித்தானியாவில் இன்றும் விற்கப்படுகின்றன. இலங்கையிலேயே அவை செய்யப்பட்டு அங்கு ஏற்றுமதியான காலமும் உண்டு. விலைப்பட்டியல் ஒன்றை இணைத்துவிடுங்கள்.

நாள்தோறும் ஓடிய கார் என்பதால் பயன்பாட்டு இழப்பையும் கோரலாம். திருத்துவதற்கு நியாயமாகத் தேவைப்படும் காலத்துக்கு ஆட்டோவுக்குச் செலவழித்த பணமே அது. எங்கள் பகுதியில் எந்த ஆட்டோக்காரரும் சிட்டை எழுதித் தரமாட்டார். ஒரு கொப்பியில் திகதி, இடம், தொகை எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள். ஆனால் வழக்கு முடியும்வரை காரைக் கராச்சில் போட்டுவிட்டு ஆட்டோக் கூலியை ஏற்றிக்கொண்டு போக முடியாது. நட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் கடமை உங்களுக்கும் உண்டு. சான்றுகள் சேர்ந்ததும், குறித்த திகதிக்குள் மீண்டும் பார்வையிட வாருங்கள் என்று எதிர்த்தரப்புக்குப் பதிவுத் தபாலில் அறிவித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? "திடீரென்று பிறேக் பிடித்தார், பழைய காரின் பிறேக் லைற் கண்ணுக்கே தெரியவில்லை" என்று சொல்லும். முன்னே போகும் வாகனம் சட்டென நின்றாலும் தான் நிற்கக்கூடிய இடைவெளியைப் பின்னால் வருபவர் பேண வேண்டும். அதிலும் மாடுகள் வீதியிலேயே படுத்துக்கிடக்கும் ஏ9 வீதியில், மாடு வரும் என்று எதிர்பார்க்கவில்லை எனச் சொல்வது எடுபடாது. ஆயினும் உங்கள் பின்விளக்கு உண்மையிலேயே எரியவில்லை என்றால் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பங்கு கவனயீனத்துக்கு ஏற்ப நட்டஈடு குறைக்கப்படலாம். விளக்கு எரிந்தது என்றால் அதைக் கண்ட சாட்சியின் பெயரை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மாட்டின் சொந்தக்காரரைத் தேடுவதில் காலத்தைச் செலவிட வேண்டாம். காதடையாளத்தைப் பார்த்தவர் எவரும் கிடைக்கப் போவதில்லை.

வழக்கு என்று வந்தால் சாரதியையும், அவரை வேலைக்கு அமர்த்திய உரிமையாளரையும் சேர்த்தே எதிராளிகளாக்க வேண்டும். சாரதி வேலையின்போது செய்த கவனயீனத்துக்கு உரிமையாளரும் பொறுப்பு. தீர்ப்புத் தொகையைக் காப்புறுதி நிறுவனத்திடம் பெற வேண்டுமாயின், வழக்குத் தொடுப்பதற்கு முன்னரோ, தொடுத்து 7 நாட்களுக்குள்ளோ அந்நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். இதனைத் தவறவிட்டு, வென்ற வழக்கின் பணத்துக்காக உரிமையாளரின் பின்னால் அலைந்தவர்கள் உண்டு. சொத்துச் சேதத்துக்குக் காப்புறுதி ஒப்பந்தம் விதித்துள்ள உச்சத் தொகைக்கு மேற்பட்டதை எப்படியும் உரிமையாளரே கட்ட வேண்டும். கோரும் தொகை மத்தியஸ்த சபையின் வரம்புக்குள் வந்தால் முதலில் அங்கு சென்று, இணக்கம் ஏற்படாவிடின் அதற்கான சான்றிதழைப் பெற்ற பின்னரே நீதிமன்றம் செல்லலாம். நேர்மையாகச் சொல்வதானால், தனித்தனியாகப் பிரித்த மதிப்பீட்டுடனும் நிபுணர் அறிக்கையுடனும் சபைக்குப் போனால் அங்கேயே மரியாதையான தொகைக்கு முடியக்கூடிய விவகாரம் இது. பேச்சுவார்த்தைக் கடிதங்களில், அங்கே இணங்கிச் சொன்னது பின்னர் வழக்கில் உங்களுக்கு எதிராகத் திரும்பாதிருக்க, "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று தலைப்பிட மறக்க வேண்டாம்.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, இத்தகைய வழக்கை விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடங்களுக்குள் தொடுக்க வேண்டும். காப்புறுதி நிறுவனம் "பரிசீலிக்கிறோம்" என்று கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் இந்தக் காலம் நின்றுவிடுவதில்லை. உங்களுக்கு இன்னும் ஒரு வருடமும் ஒன்பது மாதங்களும் உண்டு.

கடைசியாக ஒன்று. கழற்றிய மட்காட்டையும் டாங்கியையும் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று கராச்சில் இன்றே சொல்லி, ஒவ்வொன்றிலும் கார் இலக்கத்தைப் பெயின்றால் எழுதி ஒரு மூலையில் வைக்கச் செய்யுங்கள்.