காலடியில் சிங்கம், காலடியில் ஆடு

கேள்வி: இங்கிலாந்துத் தேவாலயங்களில் இறந்தவர் நினைவாகத் தரையில் பதித்த பித்தளைத் தகட்டு உருவங்களைத் தாளில் தேய்த்து எடுக்கிறார்களாமே? கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது போலத்தானா?

பதில்: ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மைப்படிக்குத் தாளை நனைத்து, பிரஷ்ஷால் அடித்து எழுத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவோம். இதற்குத் தண்ணீரே ஆகாது. தகட்டை முதலில் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் இருந்தால்கூடத் தாளும் கிழியும், தகட்டிலும் கீறல் விழும். பிறகு தாளை விரித்து ஓரங்களில் டேப் ஒட்டி, உருவத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு, ஹீல்பால் என்ற கறுப்பு மெழுகுக் கட்டியால் தேய்க்க வேண்டும். செருப்புத் தைப்பவர்கள் குதிகால் விளிம்பைப் பளபளப்பாக்க வைத்திருந்த அதே மெழுகுதான். சமதளம் கறுப்பாகும், செதுக்கிய கோடுகள் வெள்ளையாக நிற்கும். அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். மணிக்கட்டு வலிக்கும், முட்டி அதற்கு முன்பே வலிக்கும்.

அத்தனை பாடும் எதற்கு என்றால், நின்றபடி பார்க்கும்போது கண்ணுக்குத் தப்புவது தாளில் வந்துவிடும். சர்ரே மாவட்டம் ஸ்டோக் டாபர்னனில் சர் ஜான் டாபர்னன் என்ற வீரரின் தகடு இருக்கிறது. அவர் காலடியில் படுத்திருக்கும் சிங்கம் அவருடைய ஈட்டிக் காம்பையே கடித்துக்கொண்டிருக்கும். செதுக்கியவனுக்குக் குறும்பு! எனக்கு இதைவிடப் பிடித்தது நார்த்லீச்சில் உள்ள கம்பளி வியாபாரி ஜான் ஃபோர்ட்டியின் தகடு. 1458இல் இறந்தவர். ஒரு கால் ஆட்டின் மேல், இன்னொரு கால் கம்பளி மூட்டையின் மேல். பணம் எங்கிருந்து வந்தது என்பதில் மனிதருக்கு ஒளிவுமறைவே இல்லை.

கேள்வி: டாபர்னன் தகடு 1277ஆம் ஆண்டினது, இங்கிலாந்திலேயே பழையது என்று படித்தேன். அது அவருடைய நிஜ முகமா?

பதில்: பழைய புத்தகமாக இருக்கும். அப்பா, மகன் இருவருக்கும் ஜான் என்றே பெயர். 1277இல் இறந்த அப்பாவின் தகடு என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். பாணியை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, 1327இல் இறந்த மகனுடையது என்கிறார்கள். முகம்? அதை நம்ப வேண்டாம். பட்டறையில் வைத்திருந்த மாதிரியைப் பார்த்துச் செதுக்குவதுதான் வழக்கம். ஆளை அடையாளம் காட்டுபவை குலச்சின்னமும் சுற்றியிருக்கும் எழுத்தும்.

கேள்வி: நாமே போய் எடுக்கலாமா?

பதில்: அந்தத் தேவாலயப் பாதிரியாரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், பெரும்பாலும் கட்டணமும் உண்டு. 1970களில் கூட்டம் கூட்டமாகப் போய்த் தேய்த்ததில் தகடு தேயுமோ என்ற கவலை வந்துவிட்டது, அதனால் சில இடங்களில் மறுத்துவிடுவார்கள். அப்படியானால் நகல் தகடுகள் வைத்திருக்கும் மையங்களுக்குப் போகலாம். அங்கே கறுப்புத் தாளும் தங்க நிற மெழுகும் கொடுப்பார்கள். சுவரில் மாட்ட ஜோராக இருக்கும், சரி. ஆனால் நான் வெள்ளைத் தாளும் கறுப்பு மெழுகும்தான் கேட்பேன்.