வாசகர் கேள்வி – பதில்: குச்சி கைமாறும் இடம்

கேள்வி: பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாவற்றிலும் கெட்டிக்கார ஆட்கள்தான். ஆனாலும் ஷிப்மென்ட் என்றால் கடைசி நிமிடம் வரை இழுபறி. கேட்டால் ‘எங்க வேலையை எப்பவோ முடிச்சுட்டோம்’ என்கிறார்கள். இதெல்லாம் ஒரு டீமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: அவர்கள் பொய் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது, சிக்கலே அதுதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 4x100 மீட்டர் ரிலேயில் ஜப்பான் வெள்ளி வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? அந்த நால்வரில் ஒருவர்கூட அதுவரை 100 மீட்டரை 10 விநாடிக்குள் ஓடியவர் இல்லை, அந்த ஒலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதிக்கும் யாரும் வரவில்லை. ஆனால் நான்கு பேரும் சேர்ந்து 37.60 விநாடியில் முடித்தார்கள், அவர்களை முந்தியது உசேன் போல்ட்டின் ஜமைக்கா மட்டும். ஜஸ்டின் காட்லின், டைசன் கே என்று பெரிய தலைகளை வைத்திருந்த அமெரிக்கா மூன்றாவதாக வந்தும் பதக்கம் போச்சு, ஏனென்றால் முதல் ஆளும் இரண்டாம் ஆளும், குச்சி மாற்றுவதற்கென்று குறித்த பகுதி தொடங்கும் முன்னாலேயே அதை மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

ஜப்பான்காரர்கள் உழைத்தது அந்த மாற்றும் இடத்தில்தான். மற்ற பெரும்பாலான அணிகளில் வாங்குகிறவர் கையைப் பின்னால் உயர நீட்டுவார். இவர்கள் கையைத் தாழ்வாக வைத்துக் கீழிருந்து வாங்குவார்கள், ஓட்டத்தின் வேகம் அவ்வளவாகக் குறையாது. வாங்குகிறவர் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. தடத்தில் ஒரு அடையாளம் ஒட்டியிருப்பார், பின்னால் வருகிறவர் அதைத் தொட்டதும் இவர் பாய்ந்துவிடுவார். (பள்ளியில் நான் மூன்றாவது ஆள். திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடி, பக்கத்துத் தடத்துப் பையன்மேல் மோதினேன். அதோடு சரி.)

நீங்கள் ஒரு நாள் தையல் மேசைப் பக்கம் போகாமல், கட்டிங்கிலிருந்து பண்டில் தையலுக்குப் போகிற இடத்தில் நின்று பாருங்கள். யார் எண்ணிக் கொடுக்கிறார், யார் எண்ணி வாங்குகிறார், சைஸ் மாறிப்போனால் யாரிடம் சொல்ல வேண்டும், அது எத்தனை மணிக்குத் தெரிய வருகிறது? செக்கிங்கில் ஒதுக்கிய பீஸ் திரும்பித் தையலுக்கு வரும்போது அது யார் பொறுப்பு? பெரும்பாலும் யாருடையதும் இல்லை, ஒரு மூலையில் கிடக்கும். அப்புறம் ‘முடிச்சுட்டோம்’ என்கிற பேச்சை விட்டுவிட்டு ‘அடுத்தவங்க சரிபார்த்து வாங்கிட்டாங்க’ என்றால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு என்று வைத்துப் பாருங்கள். முதல் வாரம் சண்டை வரும், வரட்டும்.

கேள்வி: பேசாமல் நாலு ஆள் கூடுதலாகப் போட்டால் வேலை நடந்துவிடாதா?
– வாசகி, கரூர்

பதில்: நடக்கும், நீங்கள் நினைக்கிற அளவுக்கு நடக்காது. பிரான்ஸில் ரிங்கெல்மான் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தார், 1913-ல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுப்பதில் ஏறக்குறையப் பாதிதான் கொடுத்தார்கள். எல்லாருடைய இழுப்பும் ஒரே நொடியில் சேராதது ஒரு காரணம், ‘அதான் இத்தனை பேர் இழுக்கிறாங்களே’ என்பது இன்னொன்று. கல்யாணப் பந்தியில் பாருங்கள், பரிமாறப் பத்துப் பேர் நிற்பார்கள், இலையில் உப்பு மட்டும் இருக்காது.