மறுக்க இடம் விட்டுக் கேட்பது

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலிக்காரன், பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை. எங்கள் டீமில் கோவைப் பெண் ஒருவர் இருக்கிறார். தமிழ் பேச ஆள் கிடைத்ததென்று மதியம் சேர்ந்து சாப்பிடத் தொடங்கினோம். இப்போது அவர்மேல் எனக்கு விருப்பம். மறுத்துவிட்டால் தினமும் எப்படி முகத்தில் விழிப்பது? ஞாயிறன்று நண்பர்கள் நால்வரோடு அவரையும் வெளியே அழைத்து, கடைசி நேரத்தில் அந்த நால்வரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா? நாசூக்காகக் கேட்க வேறு வழி உண்டா?

ம., பெங்களூரு

அன்புள்ள ம.,

அந்த ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தைக் கைவிடுங்கள். பலர் வருவார்கள் என்று நம்பி வந்து உங்களை மட்டும் காண்கிற பெண் அந்த நொடியிலேயே உங்கள் ஏற்பாட்டைப் புரிந்துகொள்வார். பிறகு நீங்கள் எவ்வளவு கண்ணியமாகப் பேசினாலும், எப்போது கிளம்பலாம் என்பதிலேயே அவர் மனம் இருக்கும்.

நாசூக்கு வேண்டியதுதான், ஆனால் அது உங்கள் கூச்சத்தை மறைக்க அல்ல, அவர் சங்கடமின்றி மறுப்பதற்காக. அழைப்பு சிறியதாக இருக்கட்டும், நோக்கம் தெளிவாக இருக்கட்டும். "ஞாயிறு காலை கப்பன் பார்க்கில் கொஞ்சம் நடந்துவிட்டுக் காபி சாப்பிடலாமா? நாம் இருவர் மட்டும்தான். தோதுப்படாவிட்டால் பரவாயில்லை." இவ்வளவு போதும். 'இருவர் மட்டும்' என்பதை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். நீங்கள் கேட்க வந்ததே அதுதான்.

கப்பன் பார்க்கைச் சொல்லக் காரணம் உண்டு. 2023 முதல் ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ ஊதா வழித்தடம் நேராக அங்கே போகிறது. ஞாயிறன்று பூங்காவுக்குள் வண்டிகளை விடுவதில்லை, ஜனநடமாட்டமும் இருக்கும். அவர் தானே வந்து, நினைத்தபோது தானே திரும்பலாம். பைக்கில் அழைத்துப்போகிறேன் என்று சொல்லாதீர்கள். ஆபீஸ் கேபிலோ லிஃப்டிலோ கேட்காதீர்கள், அங்கே அவரால் விலகிப் போக முடியாது. வாட்ஸ்அப்பில் கேட்பதைக் கோழைத்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, யோசித்துப் பதில் எழுத அவருக்கு நேரம் கிடைக்கிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு அனுப்பாதீர்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. அவருடைய அப்ரைசலில், அதாவது வேலை மதிப்பீட்டில், உங்கள் சொல்லுக்கு எடை உண்டென்றால், அந்தப் பொறுப்பிலிருந்து விலகும்வரை கேட்கவே வேண்டாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு நடத்தை அந்தப் பெண்ணால் விரும்பப்படாததா என்றே பார்க்கிறது; உங்கள் எண்ணம் நல்லது என்பது அங்கே பதிலாகாது.

நம்மவர்கள் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்வது அபூர்வம். 'பார்க்கலாம்', 'இந்த வாரம் ஊருக்குப் போகிறேன்' என்றுதான் பதில் வரும். உண்மையாகவே ஊருக்குப் போகிறவர், விருப்பமிருந்தால், வேறொரு நாளைத் தாமே சொல்வார். சொல்லாவிட்டால் அதை மறுப்பென்று எடுத்துக்கொண்டு, இரண்டாம் முறை கேட்காதீர்கள். மறுநாள் மதியம் அவர் உங்கள் மேசைக்கு வந்தால் வழக்கம்போலப் பேசுங்கள். வேறு மேசைக்குப் போனால் காரணம் கேட்காதீர்கள்.

அந்த நான்கு நண்பர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ஆபீஸ் தமிழர் வட்டம் சிறியது. அவருக்குத் தெரியும் முன்பே நால்வருக்குத் தெரிந்திருப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். அவர்கள் அவரிடம் ஜாடைமாடையாகக்கூட எதுவும் பேசக்கூடாதென்று இன்றே சொல்லிவிடுங்கள்.