பேலன்சர், ஸ்பிரிங்: பட்டறை கேள்வி பதில்

பட்டர்வொர்த்தில் முப்பது வருஷமாக மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இன்று பதில் சொல்கிறேன்.

செந்தூல்: அண்ணே, பழைய கவாசாகி கேஎல்ஆர் 650 மோட்டார் ஒன்று வாங்கினேன், 2005 மாடல். பேலன்சர் செயின் தொய்வை எடுக்க, வெளியிலிருந்தே ஒரு போல்ட்டைத் தளர்த்தி இறுக்கினால் போதுமாமே?

இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி, தம்பி. உள்ளே என்ன நிலைமை என்று பார்க்காமல் அந்தப் போல்ட்டைத் தொடாதே.

அது பெரிய ஒற்றை பிஸ்டன். அதன் உதறலை அடக்கத்தான் எடை வைத்த பேலன்சர் தண்டுகள், பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டின் வேகத்திலேயே சுற்றுகின்றன. சுற்ற வைப்பது ஒரு செயின். ஓட ஓட அது தேய்ந்து தொய்யும். போல்ட்டைத் தளர்த்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒரு நெம்பியை இழுத்துத் தொய்வை எடுத்துவிடும், திரும்ப இறுக்கிவிடலாம். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1987இல் வந்த முதல் மாடலிலிருந்தே அந்த நெம்பி உடைவதற்கும் ஸ்பிரிங் தளர்வதற்கும் பேர்போன எஞ்சின் இது. 2008இல் நெம்பியை மாற்றினார்கள், ஸ்பிரிங் தொல்லை முழுசாகப் போகவில்லை. ஸ்பிரிங் செத்துப்போயிருந்தால், நீ போல்ட்டைத் தளர்த்தியதும் இருக்கிற பிடியும் போய்விடும்.

அதனால் ஒரு தடவை திறந்து பார். இடது மூடி, அப்புறம் கிராங்க் முனையில் இருக்கும் ரோட்டர் சக்கரம், அதற்குப் பின்னால் உள்மூடி. ரோட்டரை, கழற்றும் கருவியான புல்லர் போட்டு இழு, சுத்தியல் வேண்டாம். ஸ்பிரிங்கை விரலால் தள்ளிப் பார். இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் உயிர் இருக்கிறது, தொட்டதும் லொடலொடவென்று ஆடினால் மாற்று. நெம்பி உடைந்திருந்தால் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்து, எல்லாம் வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு மூடு.

ஆயர் ஈத்தாம்: என் கப்சாய் (சின்ன மோட்டார்) 110 நடுங்குகிறது. பேலன்சர் மாற்ற எவ்வளவு ஆகும்?

பெரும்பாலான கப்சாயில் பேலன்சர் தண்டே கிடையாது. எஞ்சின் மவுண்டிங் போல்ட்டையும் செயினையும் பாருங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: பின் அப்சர்பர் ரொம்பத் தாழ்கிறது. அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் படியை எத்தனை ஏற்றலாம்?

அளக்காமல் ஏற்றாதீர்கள். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஆக்சிலிலிருந்து நேர் மேலே சீட்டுப் பக்கம் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட்டோடு உட்காருங்கள், நண்பர் ஒருவர் மறுபடி அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாழ்வு. சாலை மோட்டாருக்கு, பின் சக்கரம் மேலும் கீழும் போகும் மொத்த அசைவில் ஏறக்குறைய 30 சதவீதம் இருக்கலாம். 120 மில்லிமீட்டர் அசைவு என்றால் 36 மில்லி. இரண்டு அப்சர்பர் இருந்தால் இரண்டும் ஒரே படியில் இருக்க வேண்டும்.

பாலிக் புலாவ்: படி ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும், அவ்வளவுதான். இதற்கு எதற்கு ஐயா அளவு?

ஆகாது. ஏற்றினால் மோட்டார் உயரும், ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான்.

பாலிக் புலாவ்: நான் கடைசிப் படி வரை ஏற்றினேன். கல் மாதிரி ஆகிவிட்டது. என் முதுகு பொய் சொல்லுமா?

முதுகு பொய் சொல்லாது, காரணத்தைத்தான் மாற்றிச் சொல்கிறது. ஒரு கிலோவுக்கு 1 மில்லி அமுங்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். முன்கூட்டியே 10 மில்லி அமுக்கி வைத்திருக்கிறீர்கள். 80 கிலோ ஏறினால் 70 மில்லி தாழும். 30 மில்லி அமுக்கி வைத்தால் 50 மில்லிதான் தாழும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் இரண்டிலும் அதே 1 மில்லி. இப்போது 90 அமுக்கி வையுங்கள், 80 கிலோவுக்கு அசையவே அசையாது. உங்கள் கல் அதுதான். பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் டங்கென்று இடிக்கும். கடினமான ஸ்பிரிங் வேண்டுமென்றால் வேறு ஸ்பிரிங் போட வேண்டும்.

ஜெலுத்தோங்: அண்ணன் சொல்வது சரி. ஆனால் பின்னால் மனைவியை ஏற்றினால்?

அதற்குத்தான் அந்தப் படிகள். இரண்டு பேர் உட்கார்ந்து அளந்து ஏற்றுங்கள், தனியாகப் போகும்போது இறக்கிவிடுங்கள்.

கெப்போங்: என் மோட்டாருக்கு எத்தனை படி?

மேலே பிரிக்ஃபீல்ட்ஸுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பாங்சார்: அப்சர்பர் மாற்றி மோட்டாரைத் தாழ்த்தினால் சட்டப் பிரச்சினை வருமா?

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டரில் கேளுங்கள். நான் ஸ்பேனர் பிடிக்கிறவன்.

செராஸ்: அண்ணே, எத்தனை படி வைக்கணும்?

அளந்தீர்களா? உங்கள் எடையைக்கூடச் சொல்லவில்லை.

பாலிக் புலாவ்: சரி, மகனை வைத்து அளந்துவிட்டேன். 120 மில்லி அசைவில் நான் உட்கார்ந்தால் 9 மில்லிதான் தாழ்கிறது.

ரெண்டு படி இறக்குங்கள். தெலுக் பஹாங் வளைவுகளில் ஒரு தடவை போய்விட்டு வந்து திரும்ப அளந்து எழுதுங்கள்.